பாதியில் நின்ற மாத்திரை

அன்புள்ள ஐயா,

என் கணவருக்கு வயது 43. ஹார்டுவேர் கடை வைத்திருக்கிறார். சென்ற ஆண்டு டிப்ரஷன் என்று சொல்லி எஸ்சிடலோபிராம் 10 மி.கி. கொடுத்தார்கள். முதல் பத்து நாள் குமட்டல். ஐந்தாவது வாரத்தில் ஆள் பழையபடி ஆகிவிட்டார். மூன்றாம் மாதம், "பழகினால் விடமுடியாது" என்று உறவினர் ஒருவர் சொன்னதைக் கேட்டு ஒரே நாளில் நிறுத்திவிட்டார். இரண்டு நாளில் தலைசுற்றல், தலைக்குள் ஷாக் அடிப்பதுபோல ஓர் உணர்வு, கோபம். பத்து நாளில் அது அடங்கியது. "பார்த்தாயா, போதை மருந்துதான்" என்றார். இப்போது மூன்று மாதம் கழித்து எல்லாம் திரும்பிவிட்டது. விடியற்காலை மூன்று மணிக்கே விழித்துக்கொள்கிறார், கடைக்குப் போவதில்லை, சரியாகச் சாப்பிடுவதில்லை. மெடிக்கலில் தூக்க மாத்திரை வாங்கிப் போடுகிறார். பழைய மாத்திரை ஓர் அட்டை மிச்சம் இருக்கிறது, கொடுக்கலாமா? ஆயுள் முழுக்க மாத்திரைதானா? வீட்டில் நான் என்ன செய்யவேண்டும்?

ச., திண்டுக்கல்

அன்புள்ள ச.,

நாள் கணக்கோடு எழுதியிருக்கிறீர்கள். பதில் பாதி அந்தக் கணக்கிலேயே இருக்கிறது.

நிறுத்திய இரண்டாம் நாள் வந்ததும் மூன்று மாதம் கழித்து வந்ததும் வேறு வேறு. எஸ்சிடலோபிராம் உடலில் பாதியாகக் குறைய ஏறத்தாழ 30 மணி நேரம் ஆகும். வாரக்கணக்கில் அந்த மருந்துக்குத் தன்னைச் சரிசெய்துகொண்ட மூளையிடமிருந்து அதைச் சட்டென்று எடுத்தால், இரண்டு மூன்று நாளில் தலைசுற்றல், ஷாக் அடிப்பதுபோன்ற உணர்வு, எரிச்சல் எல்லாம் வரும். பெரும்பாலானவர்களுக்குச் சில வாரங்களில் அடங்கிவிடும். இது போதைப் பழக்கம் ஆகாது. போதை என்றால் அதற்காக மனம் ஏங்கவேண்டும், அளவு கூடிக்கொண்டே போகவேண்டும். உங்கள் கணவருக்கு இரண்டும் இல்லை. மூன்று மாதம் கழித்து வந்திருப்பது நோய். மருந்து அதை அடக்கி வைத்திருந்தது, வேலை முடிவதற்குள் நின்றுவிட்டது.

இந்த மருந்துகளில் பக்கவிளைவு முதலில் வரும், பலன் பின்னால் வரும். குமட்டலும் படபடப்பும் முதல் வாரத்திலேயே தெரியும். மனம் தெளிய இரண்டிலிருந்து நான்கு வாரம், முழுப் பலன் தெரிய ஆறு முதல் எட்டு வாரம். அதனால் பலர் முதல் பத்து நாளிலேயே விட்டுவிடுகிறார்கள். உங்கள் கணவர் அதைத் தாண்டிவிட்டார். அடுத்த இடத்தில்தான் தவறியது: நன்றாக ஆனவுடன் மருந்து போதும் என்று நினைப்பது. குணம் தெரிந்த நாளிலிருந்து இன்னும் ஆறு முதல் ஒன்பது மாதம் அதே அளவில் தொடரவேண்டும். அந்த ஐந்தாவது வாரம் கணக்கின் தொடக்கம்தான். பலமுறை திரும்பி வருபவர்களுக்கு இரண்டு ஆண்டு, சிலருக்கு அதற்கு மேலும் தேவைப்படும். எல்லோருக்கும் ஆயுள் முழுக்க என்பது உண்மையல்ல. நிறுத்தும்போதும் 10, பிறகு 5, தேவைப்பட்டால் அதற்கும் குறைவு என்று பல வாரங்களில் மருத்துவர் இறக்குவார்.

அவர் வெளியே சொல்லாத ஒரு காரணமும் இருக்கலாம். இந்த வகை மருந்துகளால் பலருக்குத் தாம்பத்திய விருப்பம் குறையும், விந்து வெளியேறத் தாமதமாகும். ஆண்கள் இதைச் சொல்லக் கூசி மாத்திரையையே விட்டுவிடுகிறார்கள். மருத்துவரிடம் சொன்னால் அளவை மாற்றலாம், மிர்டாசபின் போன்ற வேறு மருந்துக்கு மாறலாம். நீங்களே மென்மையாகக் கேட்டுப் பாருங்கள்.

மிச்சமிருக்கும் அட்டையை நீங்களாகக் கொடுக்கவேண்டாம். எப்போதாவது தொடர்ந்து சில நாள் மூன்று நான்கு மணி நேரமே தூங்கியும் களைப்பில்லாமல், ஓயாத பேச்சு, தாறுமாறான செலவு, பெரிய பெரிய திட்டம் என்று இருந்தாரா? யோசித்து மருத்துவரிடம் கட்டாயம் சொல்லுங்கள். அப்படி இருந்திருந்தால் இது இருமுனைக் கோளாறாக, அதாவது மனச்சோர்வும் மிகையான உற்சாகமும் மாறி மாறி வரும் நோயாக இருக்கலாம். அதில் இந்த மருந்தைத் தனியாகக் கொடுத்தால் ஆளை மறுகோடிக்குத் தள்ளிவிடக்கூடும். தைராய்டு, ஹீமோகுளோபின், சர்க்கரை, பி12 பார்க்கச் சொல்வார்கள். குடிப்பழக்கம் இருந்தால் மறைக்காதீர்கள்.

எனக்கு அதிகக் கவலை தருவது அந்தத் தூக்க மாத்திரை. குளோனசெபம், அல்பிரசோலம் வகையாக இருந்தால், உறவினர் பயந்த பழக்கம் உண்மையில் அங்கேதான் இருக்கிறது. இரண்டு முதல் நான்கு வாரத்துக்கு மேல் போகக்கூடாத மருந்து அது. மதுவோடு சேர்ந்தால் மூச்சையே அடக்கிவிடும். வாரக்கணக்கில் தினமும் போட்டிருந்தால் அதையும் சட்டென்று நிறுத்தக்கூடாது, வலிப்பு வரலாம்.

இனி வீடு. "மனசு சரியானதும் கடைக்குப் போகிறேன்" என்பார். மனச்சோர்வில் அந்த மனசு தானாக வராது. வேலை முன்னால் போகவேண்டும், மனம் பின்னால் வரும். செயலூக்கச் சிகிச்சையின் அடிப்படை இதுதான். கோவாவில் ஆரம்ப சுகாதார நிலையங்களுக்கு வந்த, கடுமையான மனச்சோர்வு உள்ளவர்களுக்கு, பயிற்சி பெற்ற சாதாரண ஆலோசகர்கள் ஆறு முதல் எட்டு அமர்வுகளில் இதைச் செய்து நல்ல பலன் கண்டதை 2017இல் 'லான்செட்' மருத்துவ இதழ் வெளியிட்டது.

எழும் நேரத்தை ஒன்றாக வைத்துக்கொள்ளுங்கள். மூன்று மணிக்கு விழித்தாலும் படுக்கையை விட்டு எழுவது ஆறு மணிக்கு என்றால் தினமும் ஆறுதான். பகலில் படுக்கை வேண்டாம். கடைக்கு முழுநாள் வேண்டாம், அரை மணி போதும். அந்த அரை மணியில் ஒரே வேலை: ஓர் அலமாரியின் சரக்கை எண்ணி எழுதுவது. போகுமுன் மனநிலைக்குப் பத்துக்கு எவ்வளவு, வந்தபின் எவ்வளவு என்று அவரே ஒரு நோட்டில் குறிக்கட்டும். ஒன்றிலிருந்து இரண்டானால்கூட அது அவர் கையெழுத்தில் இருக்கும். ஒரு வாரம் இப்படியே நிலைத்த பிறகு நேரத்தைக் கூட்டுங்கள். இதில் வழக்கமாக நேரும் தவறு, இரண்டு நாள் நன்றாக இருந்ததும் முழுநாளும் உட்காரவைப்பது. மூன்றாம் நாள் முடியாமல் போகும், "என்னால் எதுவும் ஆகாது" என்ற எண்ணம் உறுதிப்பட்டுவிடும். கடையை விற்பது, கடன் வாங்குவது போன்ற முடிவுகளை இப்போது எடுக்கவிடாதீர்கள். "தைரியமாக இரு" என்று சொல்ல வருபவர்களை வாசலிலேயே அமைதிப்படுத்தி அனுப்புங்கள்.

"செத்துவிடலாம் என்று தோன்றுகிறதா?" என்று அவரிடம் நேராகக் கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைக்காது. மருந்து தொடங்கிய முதல் வாரங்களில் கூடுதல் கவனம் வேண்டும். மனம் தெளியுமுன் உடம்பில் தெம்பு வந்துவிடும் நேரம் அது. மாத்திரைகள் உங்கள் கையில் இருக்கட்டும், ஒரு வாரத்துக்கு மேல் வாங்கிவைக்கவேண்டாம். எலி மருந்து, பூச்சிமருந்து எதுவும் வீட்டிலோ அவர் கைக்கெட்டும் இடத்திலோ இருக்கக்கூடாது. எப்படிச் செய்வது என்றே யோசித்து வைத்திருப்பதாகச் சொன்னால் தனியே விடாமல் அன்றே மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள். 14416, டெலி மனஸ் என்ற அரசின் மனநல உதவி எண், இரவும் பகலும் தமிழில் பேசுவார்கள், கட்டணம் இல்லை.

இந்த வாரமே மருத்துவரிடம் போய்விடுங்கள். செலவு யோசனையாக இருந்தால் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் மனநலப் பிரிவு உண்டு, மருந்தும் இலவசம். பழைய சீட்டு, மருந்து தொடங்கிய, நிறுத்திய தேதிகள், தூக்க மாத்திரையின் அட்டை மூன்றையும் எடுத்துச் செல்லுங்கள். மறுபடி எப்போது வரவேண்டும் என்று கேட்டுக்கொண்டு வாருங்கள். சரியான அளவில் நான்கு வாரம் விடாமல் சாப்பிட்டும் துளி மாற்றம் இல்லையென்றால் அளவைக் கூட்டவோ மருந்தை மாற்றவோ வேண்டியிருக்கும். அதுவரை ஒரு நாள்கூட விடாமல் சாப்பிட்டால்தான் அந்த முடிவைச் சரியாக எடுக்கமுடியும்.