அம்மாவின் லீவைக் கணக்குப் பார்த்த பிள்ளை

அக்கா, போன சனிக்கிழமை நீங்களும் அண்ணையும் வந்து கதைத்துவிட்டுப் போனதிலிருந்து மனம் அதிலேயே நிற்கிறது. இவ்வளவு பயப்படாதீர்கள், மகள் அபிட்டூர் என்னும் பள்ளி இறுதித் தேர்வில் எடுத்த மதிப்பெண் நல்ல மதிப்பெண்தான் என்று அன்றைக்கே சொன்னேன். ஆனால் ஜேர்மனியில் மருத்துவ இடம் கிடைக்க அது போதாது. இது உங்களுக்கும் தெரியும். அதனால்தான் லண்டன் மாமா பல்கேரியாவில் காசு கட்டி மருத்துவம் படிப்பதைப் பற்றி எடுத்துவிட்டார். "ஆறு வருடம் கண்ணை மூடிக்கொண்டு கட்டினால் வீட்டில் ஒரு டொக்டர்" என்று அவர் சொன்னதை நீங்கள் திருப்பிச் சொன்னபோது மகள் நிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கவனித்தீர்களா?

நான் ஒளிக்காமல் சொல்கிறேன். அதற்கென்று நீங்கள் யோசிக்கும் கடனை எடுக்காதீர்கள். ஆறு வருடத்துக்கான கல்விக் கட்டணம், அங்கே வாடகை, சாப்பாடு, வந்துபோகும் செலவு எல்லாவற்றையும் வீட்டுக் கடன் முடியாத இரண்டு பேர் தோளில் ஏற்றலாமா? அதுவும் பிள்ளை ஒருநாள்கூட "எனக்கு டொக்டராக வர ஆசை" என்று வாய் திறக்காத நிலையில்? நடுவில் அவள் விட்டுவிட்டு வந்தாலும் கடன் உங்களோடுதான் இருக்கும். மாமா ஆசைப்படலாம், தவணை கட்டப்போவது அவர் இல்லை.

அன்றைக்கு நீங்கள் போகிற போக்கில் ஒரு விஷயம் சொன்னீர்கள். எனக்கு அதுதான் முக்கியமாகப் பட்டது. கிழமைக்கு மூன்று பின்னேரம் நீங்கள் துப்புரவு வேலைக்குப் போன இடத்தில், மினிஜொப் என்னும் சின்னப் பகுதிநேர வேலை செய்பவருக்குச் சம்பளத்தோடு லீவு கிடையாது என்று சொல்லியே இரண்டு வருடம் ஓட்டிவிட்டார்கள். வேலையை விட்ட அடுத்த மாதமே மகள் உங்கள் சம்பளத் துண்டுகளைக் குசினி மேசையில் பரப்பி வைத்துக்கொண்டு கணக்குப் பார்த்து, லீவுப் பணத்தைக் கேட்டு அவர்களுக்குக் கடிதம் எழுதியிருக்கிறாள். நான் கேட்டதும் அந்தக் கடிதத்தின் பிரதியைக் கைப்பேசியில் காட்டினாள். கூட்டல் கழித்தலோடு ஒரே பக்கம்.

அவள் கணக்கு எவ்வளவு சரி தெரியுமா? 1963 ஆம் ஆண்டின் லீவுச் சட்டம் கிழமைக்கு ஆறு நாள் வேலை என்று வைத்து 24 நாள் தருகிறது. ஐந்து நாள் வேலை செய்பவருக்கு அது 20 ஆகும், மூன்று நாள் வருபவருக்கு 12. எப்படிப் பார்த்தாலும் நான்கு கிழமை. மினிஜொப் என்றாலும் அதில் ஒரு நாள் குறையாது. இரண்டு வருடத்துக்கு 24 நாள் என்று எழுதி, கடைசி 13 கிழமைச் சம்பளத்தின் சராசரியை எடுத்துத் தொகையும் போட்டிருந்தாள். "பழைய வருட லீவு காலாவதியாகிவிட்டது" என்று அவர்கள் சொல்லக்கூடும் என்று யோசித்து, அதற்கும் பதில் எழுதி வைத்திருந்தாள். லக்சம்பேர்க்கில் உள்ள ஐரோப்பிய நீதிமன்றம் 2018 நவம்பரில் சொன்னதையும், எர்ஃபுர்ட்டில் உள்ள தொழில் உச்ச நீதிமன்றம் 2019 இல் ஏற்றுக்கொண்டதையும் காட்டியிருந்தாள். உனக்கு இத்தனை நாள் மிச்சம் இருக்கிறது, எடு, எடுக்காவிட்டால் போய்விடும் என்று முதலாளி நேரத்தோடு தெளிவாகச் சொல்லியிருக்க வேண்டும். சொல்லாவிட்டால் லீவு அழியாது. ஆறு கிழமையில் பணம் வந்தது என்றீர்கள். வழக்கறிஞர் இல்லை, நீதிமன்றம் இல்லை, பதினேழு வயதுப் பிள்ளை ஒருத்தி.

அக்கா, இதை ஒரு கெட்டித்தனம் என்று மெச்சிவிட்டுக் கடந்து போகாதீர்கள். இது ஒரு தொழில். இந்த நாட்டில் அதற்கு ஆள் தேவை.

சின்ன வெதுப்பகம், பல் வைத்தியர், சிகையலங்காரக் கடை, நம்முடைய ஆட்களின் உணவகங்கள் என்று பல இடங்கள் சம்பளக் கணக்கைத் தாங்களே போடுவதில்லை. ஸ்டொயர்பெராட்டர் என்னும் வரி ஆலோசகரின் அலுவலகத்தில் கொடுத்துவிடுவார்கள். அந்த அலுவலகத்தில் வேலை பழகுகிற மூன்று வருட அவுஸ்பில்டுங், அதாவது தொழிற்பயிற்சிதான் ஸ்டொயர்ஃபாக்அங்கெஸ்டெல்டே. வரி என்றதும் எல்லாரும் முகத்தைச் சுளிக்கிறார்கள், அதனால் நம்மவர் வீடுகளில் இதன் பெயரே அடிபடுவதில்லை. உள்ளே சம்பளப் பிரிவு என்று ஒன்று இருக்கிறது. உங்கள் மகளுக்குரிய கதிரை அங்கேதான் இருக்கிறது என்று நான் நினைக்கிறேன்.

அங்கே ஒரு நாள் எப்படி இருக்கும் என்று சொல்கிறேன். காலையில் ஒரு உணவகத்திலிருந்து தகவல் வரும், சமையல்காரருக்குச் சுகமில்லை. 2023 தொடக்கத்திலிருந்து வைத்தியர் தரும் அந்த மஞ்சள் நோய்ச் சான்றைப் பொது நோய்க் காப்புறுதியில் உள்ள தொழிலாளி கொண்டுவரத் தேவையில்லை. வைத்தியர் நோய்க் காப்புறுதிக்கு அனுப்புவார், முதலாளியின் பக்கத்திலிருந்து அதைக் கணினியில் எடுக்க வேண்டும். ஆறு கிழமை வரை சம்பளம் முதலாளியுடையது, ஆனால் வேலையில் சேர்ந்து முதல் நான்கு கிழமைக்குள் என்றால் இல்லை. அவர் அப்போது லீவில் இருந்திருந்தால்? வைத்தியர் உறுதிப்படுத்திய நாட்களை லீவிலிருந்து கழிக்கக் கூடாது. அடுத்தது, பிள்ளைக்குக் காய்ச்சல் என்று வீட்டில் நின்ற தாய். அதற்கு நோய்க் காப்புறுதி தரும் பணம், நாள் எண்ணிக்கை எல்லாம் வேறு கணக்கு. அப்புறம் எல்டர்ன்சைட் என்னும் பிள்ளை வளர்ப்பு விடுப்பில் போன ஒருவர். முழு மாதம் ஒன்றுக்கு வருட லீவில் பன்னிரண்டில் ஒரு பங்கை முதலாளி குறைக்கலாம், ஆனால் குறைக்கிறேன் என்று அவருக்குத் தெரிவிக்க வேண்டும். தெரிவிக்காமல் இருந்து வேலை முடிந்துவிட்டால் பிறகு குறைக்க முடியாது, முழு நாளுக்கும் பணம் கொடுக்க வேண்டும். ஒரு கடிதத்தை மறந்ததால் சின்னக் கடைக்காரர் ஆயிரக்கணக்கில் இழப்பார். உரிமை இருப்பதை யாரும் சொல்லாததால் உங்களைப் போன்ற ஒருவர் 24 நாளைக் கேட்காமலே விட்டுவிடுவார். இரண்டு பக்கத்துக்கும் நடுவில் கவனமான ஒரு பிள்ளை இருக்க வேண்டும்.

எல்லாருடைய லீவும் ஒழுங்காகக் கிடைத்ததா என்று கடை கடையாகப் போய்ப் பார்க்க இங்கே அதிகாரி கிடையாது. கிடைக்காதவர் தானே கேட்க வேண்டும், கடைசியில் தொழில் நீதிமன்றத்துக்குப் போக வேண்டும். அதனால் சட்டம் நடைமுறையில் நிற்பதும் நிற்காததும் பெரும்பாலும் சம்பளக் கணக்குப் போடுபவரின் மேசையில்தான் தீர்மானமாகிறது. உங்களுக்குக் கணக்குப் போட்டவர் ஒழுங்காக இருந்திருந்தால் மகள் அந்தக் கடிதத்தை எழுதியே இருக்கத் தேவையில்லை.

செலவுக்கு வருவோம். அலுவலகத்துக்கும் தொழிற்கல்லூரிக்குமாகப் போய்வரும் இந்தப் பயிற்சிக்கு நீங்கள் படிப்புக் கட்டணம் கட்டுவதில்லை. முதல் மாதத்திலிருந்தே அவளுக்குப் பயிற்சிச் சம்பளம் வரும். 25 வயதாகும்வரை பயிற்சிக் காலத்தில் கிண்டர்கெல்ட் என்னும் பிள்ளைக்கான அரசுப் பணமும் தொடரும். அபிட்டூர் இருப்பதால் காலத்தைக் குறைக்கச் சொல்லிக் கேட்கவும் இடமுண்டு. முடித்த பிறகு சம்பளப் பிரிவுக்கென்றே வரி ஆலோசகர் சபை நடத்தும் மேற்தேர்வு இருக்கிறது. எட்டு வருட அனுபவத்தோடு, பல்கலைக்கழக வாசலை மிதிக்காமலே ஸ்டொயர்பெராட்டர் தேர்வுக்கும் போகலாம். அது கடுமையான தேர்வு, பலர் தவறுகிறார்கள். அதையும் சொல்லத்தான் வேண்டும். மாத முடிவில் வேலை நெரிக்கும். வங்கியிலும் பெரிய தொழிற்சாலையிலும் சேர்கிற பிள்ளைகளைவிடத் தொடக்கத்தில் கையில் வருவது குறைவாகவும் இருக்கலாம். இதையெல்லாம் மகளுக்கும் மறைக்காமல் சொல்லுங்கள்.

மாமாவுக்கு என்ன பதில் சொல்வது என்று அண்ணை கேட்டார். பிள்ளை தொழில் பழகப் போகிறாள், நாங்கள் கடன் எடுக்கவில்லை என்று சொல்லுங்கள். அதற்கு மேல் விளக்கம் தேவையில்லை. கோயில் திருவிழாவில் யாராவது "கணக்கெழுதவா அபிட்டூர் படித்தாள்" என்று கேட்டால் மகள் காதில் விழும்படி நீங்களே பதில் சொல்லுங்கள், அவளைத் தனியே விடாதீர்கள்.

என் பேச்சை நம்பி முடிவெடுக்கவும் வேண்டாம். வருகிற பள்ளி விடுமுறையில் இரண்டு கிழமை ஒரு வரி ஆலோசகர் அலுவலகத்தில் பிராக்டிகும், அதாவது வேலையைப் பார்த்துப் பழகும் குறுகிய பயிற்சி, செய்யட்டும். பிடிக்கவில்லை என்று வந்தால் வேறு பாதை தேடுவோம், அதற்கும் கடன் தேவைப்படாத பாதைகள் இருக்கின்றன. பிடித்தால் உடனே விண்ணப்பிக்க வேண்டும். பயிற்சிகள் பெரும்பாலும் ஆகஸ்ட், செப்டம்பரில் தொடங்கும், நல்ல அலுவலகங்கள் ஏறக்குறைய ஒரு வருடம் முன்பே ஆள் எடுத்துவிடும்.

வெள்ளிக்கிழமை பின்னேரம் நான்கு மணிக்கு அவளை மட்டும் அனுப்புங்கள். சான்றிதழோடு அந்தக் கடிதத்தின் பிரதியையும் கொண்டுவரச் சொல்லுங்கள். நிறுவனத்தின் பெயரையும் உங்கள் பெயரையும் மறைத்துவிட்டு அதை விண்ணப்பத்தோடு இணைக்கலாம் என்று பார்க்கிறேன்.