கேள்வி – பதில்: நகலெடுத்தது சர்வரா, ஸ்டோரேஜா?

கேள்வி: ஒரே சேன் ஸ்டோரேஜிலிருந்து (தனி வலையமைப்பு வழியே சர்வர்களுக்கு டிஸ்க் தரும் சேமிப்பகம்) ஒதுக்கப்பட்ட இரண்டு டிஸ்க்குகள் எங்கள் விண்டோஸ் சர்வரில் உள்ளன. ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குத் தரவை சர்வர் வழியாக அல்லாமல் ஸ்டோரேஜே நேரடியாக நகலெடுத்துக்கொள்ளும் என்று சொல்லி நிறுவிக் கொடுத்தார்கள். பெரிய கோப்பு ஒன்றை நகலெடுத்துப் பார்த்தேன். பிழை எதுவும் வரவில்லை, வேகமும் திருப்தியாகவே இருந்தது. வசதி வேலை செய்கிறது என்று கையெழுத்துப் போட்டுக் கொடுக்கலாமா?

பதில்: இப்போதைக்கு வேண்டாம். நகல் முடிகிறதா என்பதைத்தான் நீங்கள் சோதித்திருக்கிறீர்கள். அதை எடுத்தது யார் என்பது இன்னும் தெரியவில்லை. விண்டோஸ் சர்வர் 2012-இல் அறிமுகமான ஓடிஎக்ஸ் (ஆஃப்லோடட் டேட்டா டிரான்ஸ்ஃபர்) முறையில், சர்வர் மூலக் கோப்பைப் படிப்பதற்குப் பதிலாக, அந்தத் தரவைக் குறிக்கும் 512 பைட் டோக்கன் ஒன்றை ஸ்டோரேஜிடம் கேட்டு வாங்குகிறது. அந்த டோக்கனைக் காட்டி எழுதும்படி சேருமிட டிஸ்க்குக்குக் கட்டளை அனுப்பியதும், உண்மையான நகல் வேலை ஸ்டோரேஜுக்குள்ளேயே நடக்கிறது. இந்தச் சங்கிலியில் எங்கேனும் மறுப்பு வந்தால் விண்டோஸ் அதைப் பயனரிடம் சொல்வதில்லை. சத்தமில்லாமல் பழையபடி படித்து எழுதும் முறைக்குத் திரும்பி வேலையை முடித்துவிடுகிறது. அன்றாடப் பயன்பாட்டுக்கு இது நல்ல ஏற்பாடுதான். சோதிப்பவருக்கோ இதைவிடப் பெரிய தொல்லை இல்லை.

ஆகவே சாட்சியைக் கேபிளில்தான் தேட வேண்டும். நகல் நடக்கும்போது சர்வர் இணைந்திருக்கும் சுவிட்ச் போர்ட்டின் பைட் எண்ணிக்கையைக் கவனியுங்கள். 100 ஜிபி கோப்பைச் சாதாரண முறையில் நகலெடுத்தால் அந்த 100 ஜிபியும் ஒருமுறை சர்வருக்குள் வந்து, மீண்டும் வெளியே போக வேண்டும். ஓடிஎக்ஸ் நடந்திருந்தால் கட்டளைகளும் டோக்கன்களும் மட்டுமே போய் வருவதால் எண்ணிக்கை பெயரளவுக்கே நகரும். சிறு கணக்கு ஒன்றும் உதவும். ஸ்டோரேஜை இணைக்கப் பயன்படும் 8 ஜிகாபிட் ஃபைபர் சேனல் போர்ட் ஒரு திசையில் வினாடிக்கு ஏறத்தாழ 800 எம்பி கொண்டுசெல்லும் என்பதால், ஒரே போர்ட் உள்ள சர்வரில் 100 ஜிபி கடந்துசெல்லக் குறைந்தது 125 வினாடி ஆகும். நகல் 30 வினாடியில் முடிந்தால் தரவு அந்த வழியே வரவில்லை என்று துணிந்து சொல்லலாம். ஆனால் 200 வினாடி ஆனதை வைத்து ஓடிஎக்ஸ் நடக்கவில்லை என்று முடிவுகட்டிவிடக் கூடாது. ஸ்டோரேஜின் உள்வேகமே அவ்வளவாக இருக்கலாம்.

அடுத்து, விண்டோஸ் தன் அமைப்புகளைச் சேமித்துவைக்கும் ரிஜிஸ்ட்ரியில் ஃபைல்சிஸ்டம் கிளையில் உள்ள ‘ஃபில்டர் சப்போர்ட்டட் ஃபீச்சர்ஸ் மோட்’ மதிப்பை 1 ஆக்கி ஓடிஎக்ஸை நிறுத்திவிட்டு, அதே கோப்பை மீண்டும் நகலெடுங்கள். பிறகு மதிப்பை 0 ஆக்கி இன்னொரு முறை எடுங்கள். போர்ட்டின் பைட் எண்ணிக்கை இரு நிலைகளிலும் ஒரே மாதிரி இருந்தால் வசதி வேலை செய்யவில்லை என்று பொருள். சோதனைக் கோப்பு வெறும் சுழியங்களால் நிரம்பியதாக இருக்க வேண்டாம். பல ஸ்டோரேஜ்கள் சுழியங்களை எழுதுவதே இல்லை என்பதால், கிடைக்கும் வேகம் கண்ணைக் கவர்வதாக இருக்குமே தவிர எதையும் நிரூபிக்காது. சீரற்ற தரவால் நிரப்பிய கோப்பே சரி.

கேள்வி: மேற்கண்டவாறு பார்த்ததில், என் சர்வரில் தரவு முழுவதும் கேபிள் வழியேதான் போகிறது. ஸ்டோரேஜ் நிறுவனமோ தங்கள் பக்கம் எல்லாம் சரி என்கிறது. எங்கே தேடுவது?

பதில்: முதலில் ஆன்டிவைரஸ், பேக்கப் மென்பொருள்கள் நிறுவும் ஃபில்டர் டிரைவர்களை (கோப்புக் கோரிக்கைகளை இடைமறித்துப் பார்க்கும் நிரல்கள்) பாருங்கள்; பெரும்பாலும் முட்டுக்கட்டை அங்கேதான் இருக்கும். ‘எஃப்எல்டிஎம்சி இன்ஸ்டன்சஸ்’ கட்டளையை இயக்கினால், ஒவ்வொரு ஃபில்டருக்கும் அது ஆதரிக்கும் வசதிகளுக்கான எண் ஒரு பத்தியில் தெரியும். அந்த எண் 3 என்றால் டோக்கன் வழியாகப் படிப்பது, எழுதுவது இரண்டுக்கும் அந்த ஃபில்டர் வழிவிடுகிறது. அந்த வால்யூமில் (கோப்புகள் உள்ள டிஸ்க் பகுதியில்) ஒரே ஒரு ஃபில்டர் 0 என்று காட்டினாலும் ஸ்டோரேஜுக்குக் கோரிக்கை போய்ச் சேராது. நிறுவனம் சொன்னது உண்மையாகவே இருக்கலாம். அங்கே குறையில்லை என்றால் கோப்பைப் பாருங்கள்: 256 கேபிக்குக் குறைந்தவை, சுருக்கப்பட்டவை, மறையாக்கம் செய்யப்பட்டவை ஆகியவற்றுக்கு இந்த வசதி கிடையாது. விண்டோஸின் பிட்லாக்கர் மறையாக்கம் போட்ட வால்யூமும் அப்படியே.

கேள்வி: லினக்ஸிலும், மெய்நிகர் கணினிகளை இயக்கும் விஎம்வேரிலும் இதே சோதனையை எப்படிச் செய்வது?

பதில்: லினக்ஸில் ‘எஸ்ஜி3 யுடில்ஸ்’ தொகுப்பில் உள்ள ‘எஸ்ஜி எக்ஸ்காப்பி’ கருவி, எக்ஸ்டெண்டட் காப்பி என்ற ஸ்கஸி (டிஸ்க்குகளுக்கு ஆணையிடும் நெறிமுறை) கட்டளையை நேரடியாக அனுப்புகிறது; ஸ்டோரேஜ் மறுத்தால் பிழையை முகத்துக்கு நேரே சொல்லிவிடும் என்பதால், சோதனைக்கு நான் விரும்புவது இதைத்தான். இது கோப்புகளை அறியாமல் டிஸ்க்கின் மீதே எழுதும். சேருமிடத்தின் பெயரில் ஓர் எழுத்து தவறினாலும் வேறொரு டிஸ்க் அழிந்துவிடும். விஎம்வேரில் மெய்நிகர் டிஸ்க் ஒன்றை குளோன் செய்துகொண்டே ‘இஎஸ்எக்ஸ்டாப்’ கண்காணிப்புத் திரையில் குளோன் எண்ணிக்கைகளைப் பார்த்தால் போதும். தோல்வியடைந்தவை தனிப் பத்தியில் ஏறும்.

கேள்வி: நகலை ஸ்டோரேஜ்தான் எடுக்கிறது என்று உறுதியாகிவிட்டது. இனி வேறு எதைச் சோதிக்க வேண்டும்?

பதில்: எழுதப்பட்ட தரவு சரியா என்பதைச் சோதிக்க வேண்டும்; சர்வர் கண்ணால் காணாத தரவு என்பதால் இது கூடுதலாகவே தேவைப்படுகிறது. மூலம், நகல் ஆகிய இரு கோப்புகளின் ஹேஷையும் (உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடப்படும் அடையாள எண்) ஒப்பிடுங்கள். ஒப்பிடுவதற்கு முன் சேருமிட டிஸ்க்கை ஆஃப்லைன் ஆக்கி மீண்டும் ஆன்லைனுக்குக் கொண்டுவந்தால், சர்வரின் நினைவகத்தில் தங்கிய பழைய பிரதியைப் படித்து ஏமாற வேண்டியிருக்காது. கேட்ட அளவைவிடக் குறைவாக எழுதிவிட்டு, எழுதியது இவ்வளவுதான் என்று ஸ்டோரேஜ் பதில் சொல்ல விதிகளில் இடம் உண்டு; ஆகவே ஒரே பெரிய கோப்போடு நிறுத்தாமல், வட்டமான எண்ணாக இல்லாத அளவுகளிலும் கோப்புகளை உருவாக்கிச் சோதியுங்கள். டோக்கன் வாங்கியபின் மூலத் தரவு மாறினால், ஸ்டோரேஜ் பழைய தரவைத் தர வேண்டும் அல்லது டோக்கன் செல்லாது என்று மறுக்க வேண்டும். பாதி பழையதும் பாதி புதியதுமாக ஒரு கோப்பு வந்தால் அந்த ஸ்டோரேஜை ஏற்கக் கூடாது. கடைசியாக, நகல் ஓடிக்கொண்டிருக்கும்போதே சர்வருக்கும் ஸ்டோரேஜுக்கும் இடையிலான இரண்டு பாதைகளில் ஒன்றைப் பிடுங்கிவிட்டு ஹேஷை மீண்டும் ஒப்பிடுங்கள். இவை அனைத்தையும் சோதனைக்கென்றே ஒதுக்கிய டிஸ்க்குகளில் மட்டும் செய்யுங்கள்.