அந்த ‘ஸ்ஸ்’ உங்களை என்ன செய்தது?

அன்புள்ள ஐயா,

நாங்கள் ஏழு நண்பர்கள். அமெரிக்க ராக் பாடகர் ப்ரூஸ் ஸ்பிரிங்ஸ்டீனின் பைத்தியங்கள். பாடல்களைப் பகிர்ந்துகொள்ள வாட்ஸப்பில் ஒரு குழு வைத்திருக்கிறோம். நியூ ஜெர்சியில் நாற்பது வருடம் இருந்துவிட்டுத் திரும்பிய என் சித்தப்பா எனக்கு ஒரு கேசட் கொடுத்தார். 90 நிமிட கேசட். ‘கிளீவ்லாந்து 8-9-78’ என்று பேனாவில் எழுதியிருக்கிறது. செப்டம்பர் 8ஆம் தேதி நடந்த கச்சேரி, ரேடியோவில் வந்தது என்றார். கணினியில் ஏற்றி, 18 டெசிபல் அளவுக்கு டேப்பின் ‘ஸ்ஸ்’ இரைச்சலை நீக்கி, எம்பி3 ஆக்கிக் குழுவில் போட்டேன். எல்லோருக்கும் சந்தோஷம். அதே கையோடு ஸ்பிரிங்ஸ்டீனின் ‘நெப்ராஸ்கா’ ஆல்பத்தையும் சுத்தம் செய்தேன். அதிலும் ‘ஸ்ஸ்’ அதிகம். ஆனால் கச்சேரியில் கைதட்டல் மட்டும் தண்ணீருக்குள் கேட்பதுபோல இருக்கிறது. எந்த அளவு வைத்தால் சரியாக வரும்?

இன்னும் இரண்டு கேள்விகள். ‘நெப்ராஸ்கா’வுக்குப் பிறகு எதைக் கேட்கலாம்? தொழிலாளிகளைப் பாடியவர் டிக்கெட் ஐயாயிரம் டாலர் வரை ஏறுவதை அனுமதித்தாரே, இனியும் அவரை நேசிப்பது சரியா?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

கடைசிக் கேள்வியை முதலில் ஒதுக்கிவிடுகிறேன். 2022இல் அந்த விலையைப் பார்த்து மனம் கசந்தவர்களில் அவருடைய மிக நெருங்கிய ரசிகர்களும் உண்டு. 1980இல் சியாட்டிலில் தொடங்கிய ‘பேக்ஸ்ட்ரீட்ஸ்’ என்ற ரசிகர் இதழ் 43 ஆண்டுகளுக்குப் பிறகு 2023இல் கடையைக் கட்டியது அந்தக் கசப்பில்தான். நேசிப்பது சரியா தவறா என்று அவர்கள் யாரிடமும் கேட்கவில்லை. நீங்களும் என்னிடம் கேட்காதீர்கள்.

கேசட்டுக்கு வருவோம். அந்தத் தேதி செப்டம்பர் 8 அல்ல. அமெரிக்கர்கள் மாதத்தை முன்னால் எழுதுவார்கள். அது ஆகஸ்ட் 9. கிளீவ்லாந்தின் ‘அகோரா’ அரங்கம். டபிள்யூஎம்எம்எஸ் என்ற வானொலியின் பத்தாம் ஆண்டு விழாவுக்காக நடந்த கச்சேரி. மேடையில் அறிமுகம் செய்தவர் அந்த வானொலியின் அறிவிப்பாளர் கிட் லியோ. 1978 சுற்றுப்பயணத்தில் வானொலியில் நேரடியாகப் போன கச்சேரிகள் ஐந்து: லாஸ் ஏஞ்சலஸ் ராக்ஸி, இது, பசேயிக், அட்லாண்டா, சான் பிரான்சிஸ்கோ வின்டர்லேண்ட். ஸ்பிரிங்ஸ்டீன் ரசிகர்களின் பகிர்வு மரபு முழுவதும் இந்த ஐந்து இரவுகளின் மேல் கட்டப்பட்டது என்று சொன்னாலும் தவறில்லை. ராக்ஸியில் அவரே மேடையிலிருந்து, வீட்டில் பதிவுசெய்பவர்கள் டேப்பை ஓடவிடலாம் என்று உற்சாகமாகச் சொல்லியிருக்கிறார். (பிற்பாடு திருட்டுப் பதிப்பு விற்றவர்கள் மேல் வழக்கும் போட்டார். இரண்டிலும் எனக்கு முரண் தெரியவில்லை. பகிர்வது வேறு, விற்பது வேறு.)

கிளீவ்லாந்து வானொலி நியூ ஜெர்சியில் எடுக்காது. அப்படியானால் உங்கள் சித்தப்பாவிடம் இருப்பது யாரோ பதிவுசெய்து, வேறு யாரோ நகல் எடுத்து, தபாலில் வந்த பிரதி. வெற்றுக் கேசட்டும் தபால் செலவும் அனுப்பினால் போதும், காசு வாங்கக் கூடாது என்பது அந்த வட்டத்தின் விதி. நாற்பது வருடம் மனிதர் அதைத் தூக்கிப் போடாமல் வைத்திருந்திருக்கிறார். நீங்கள் 18 டெசிபலை அள்ளிக் கொட்டிவிட்டு எம்பி3 ஆக்கியிருக்கிறீர்கள்!

கோபத்தை அடக்கிக்கொண்டு சொல்கிறேன். அந்த மென்பொருள் செய்வது இது: பாட்டு இல்லாத ஒரு துண்டை மாதிரியாக எடுத்துக்கொள்கிறது. ஒலியை நூற்றுக்கணக்கான மெல்லிய அலைவரிசைப் பட்டைகளாக நறுக்கி, ஒவ்வொரு பட்டையிலும் அந்த மாதிரியின் மட்டத்துக்குக் கீழே இருப்பதையெல்லாம் அமுக்குகிறது. மட்டத்தின் விளிம்பில் இருப்பவை அணைந்தும் எரிந்தும் மினுக்குகின்றன. நீங்கள் கேட்ட தண்ணீர்ச் சத்தம் அதுதான். கைதட்டல் ஏன் முதலில் கெட்டது? கைதட்டலும் எல்லா அலைவரிசையிலும் சிதறிக் கிடக்கும் ஒலி. டேப் இரைச்சலுக்கு ஒன்றுவிட்ட தம்பி. இயந்திரத்துக்கு ஆள் அடையாளம் தெரியவில்லை. 12 வைத்தால் குறைவாகக் கெடும், 6 வைத்தால் இன்னும் குறைவாகக் கெடும். ‘சரியான அளவு’ என்று ஒன்று இல்லை.

நம்பாவிட்டால் இதைச் செய்து பாருங்கள். அசல் கோப்பையும் சுத்தம் செய்ததையும் ஒரே நேரக்கோட்டில் வைத்து, ஒன்றின் அலையை மட்டும் மேல்கீழாகத் திருப்பி (‘இன்வெர்ட்’; பின்னிருந்து ஓட்டுவதல்ல) இரண்டையும் கூட்டுங்கள். மிஞ்சுவது நீங்கள் தூக்கி எறிந்தது. அதில் வெறும் ‘ஸ்ஸ்’ மட்டும் இருந்தால் நான் மன்னிப்புக் கேட்கிறேன். பாடகனின் சகர ஒலிகளும், சிம்பலின் வாலும், குழுவின் பியானோக் கலைஞர் ராய் பிட்டனின் ஸ்வரம் தேய்ந்து அடங்கும் கடைசி அரை நொடியும் அந்தக் குப்பையில் கிடக்கும். அந்த வருடம் ‘ப்ரூவ் இட் ஆல் நைட்’ பாடலுக்கு முன்னால் நீண்ட பியானோ, கிட்டார் முன்னுரை வாசித்தார்கள். ஆல்பத்தில் அது கிடையாது. ரசிகர்கள் 78இன் டேப்களைத் தேடி ஓடியதே அதற்காகத்தான். தேய்ந்து அடங்கும் ஒலிகளால் ஆனது அது. கோயில் தூண்களில் மணலைப் பீய்ச்சிச் சுத்தம் செய்தவர்களும் அழுக்கைத்தானே எடுத்தோம் என்றார்கள்.

ஆனால் இதைவிடப் பெரிய நஷ்டம் ஒன்று உண்டு. யாரும் அதைச் சொல்வதில்லை. அந்த இரைச்சல் ஒரு கருவி.

டேப்பைப் பதியும், படிக்கும் முனைதான் ஹெட். அதன் சாய்வு, பதிவுசெய்த இயந்திரத்தில் இருந்தபடியே ஓட்டும் இயந்திரத்திலும் இருக்க வேண்டும். மயிரிழை மாறினாலும் மேல்ஸ்தாயி மங்கிவிடும். சரிசெய்ய ஹெட்டின் பக்கத்தில் ஸ்பிரிங் போட்ட ஒரு சின்ன திருகு இருக்கும். இரண்டு சேனல்களையும் மோனோவாகச் சேர்த்துக் கேட்டுக்கொண்டே, கால் சுற்றுக்கு மேல் போகாமல், மெல்லத் திருப்ப வேண்டும். எதைக் கேட்டுத் திருப்புவீர்கள்? எஃப்எம் ஒலிபரப்பில் 15 கிலோஹெர்ட்ஸுக்கு மேல் இசை கிடையாது. அதற்கு மேலே இருப்பது பெரும்பாலும் இரைச்சல்தான். இந்த டேப்பின் சொந்த ‘ஸ்ஸ்’ திருகுக்கு அசையாது; முந்தைய நகல்களிலிருந்து பாட்டோடு சேர்ந்து பதிவான ‘ஸ்ஸ்’ எந்த இடத்தில் மிகக் கூர்மையாகக் கேட்கிறதோ அங்கே நிறுத்த வேண்டும். தவறான சாய்வில் ஏற்றிய கோப்பில்கூட, மேல்ஸ்தாயி சிதையாமல் மிஞ்சியிருந்தால் இரண்டு சேனல்களுக்கும் நடுவே எவ்வளவு பிசகு என்று பின்னால் வருகிறவர் கணக்கிட்டுத் திருத்த முடியும். நீங்கள் இரைச்சலோடு அதையும் துடைத்துவிட்டால் அவருடைய அளவுகோல் தேய்ந்துவிடும்.

வேகமும் அப்படித்தான். ஒவ்வொரு கேசட் டெக்கும் ஒரு வேகத்தில் ஓடும். நாலு நகல் தாண்டினால் பாட்டு ஒரு ஸ்வரத்தில் பாதி ஏறியோ இறங்கியோ நிற்கும். எப்படிக் கண்டுபிடிப்பது? அமெரிக்க மின்சாரம் 60 ஹெர்ட்ஸ். அதன் முனகல் மெலிதாக எங்காவது பதிவாகியிருக்கும், 60இலோ 120இலோ. ஸ்பெக்ட்ரோகிராமில் (ஒலியின் அலைவரிசைகளைக் கோடுகளாகக் காட்டும் படம்) அந்தக் கோடு 61.2இல் நின்றால் டேப் 2 சதவீதம் வேகமாக ஓடுகிறது; அரை ஸ்வரத்தில் மூன்றில் ஒரு பங்கு பிசகு. வேகத்தைக் குறைத்துக் கோட்டை 60க்குக் கொண்டுவர வேண்டியதுதான். ஒரு எச்சரிக்கை: உங்கள் வீட்டில் ஏற்றும்போது நம் மின்சாரத்தின் 50 ஹெர்ட்ஸ் முனகலும் புதிதாகச் சேர்ந்திருக்கும். அதைப் பார்த்துவிட்டு ‘வேகம் குறைவு’ என்று இழுத்துவிடாதீர்கள். 50இல் அசையாமல் நிற்பது நம்முடையது. டேப்போடு சேர்ந்து லேசாக ஆடுவது அமெரிக்காவுடையது. ஹார்மோனிகாவும் கைகொடுக்கும். அதை மேடையில் சுருதி மாற்ற முடியாது.

இன்னொன்றும் உண்டு. எஃப்எம் ஸ்டீரியோ ஒலிபரப்பில் 19 கிலோஹெர்ட்ஸில் ஒரு வழிகாட்டிச் சுரம் போகும். பெரும்பாலான டெக்குகள் அதை வடிகட்டிவிடும். வடிகட்டியை அணைத்துவைத்து நல்ல டேப்பில் பதிந்திருந்தால் ஊசிக்கோடாகத் தெரியும். தெரிந்தால் உங்கள் கையில் இருப்பது முதல் பிரதி அல்லது அதற்கு அடுத்தது என்று அர்த்தம், துள்ளிக் குதிக்கலாம். ஆனால் 128 கிலோபிட் எம்பி3 சுமார் 16 கிலோஹெர்ட்ஸிலேயே கூரையை வெட்டிவிடுகிறது. பத்திரத்தின் மேல் இருந்த முத்திரையை நீங்களே கிழித்துவிட்டீர்கள். கேசட்டை வைத்திருக்கிறீர்கள் அல்லவா? அப்பாடா.

‘நெப்ராஸ்கா’ விஷயத்துக்கு என்ன சொல்ல! உலகத்தில் எந்த ஆல்பத்தை வேண்டுமானாலும் சுத்தம் செய்திருக்கலாம், இதைத் தவிர. 1982 ஜனவரி 3 வாக்கில், நியூ ஜெர்சி கோல்ட்ஸ் நெக்கில் வாடகை வீட்டின் படுக்கையறையில், டியாக் போர்ட்டாஸ்டுடியோ 144 என்ற நான்கு தடக் கேசட் ரெக்கார்டரில் பெரும்பகுதியைப் பதிவுசெய்தார். ஷூர் எஸ்எம்57 மைக் இரண்டு. ஒரு தடத்தில் குரல், ஒன்றில் கிட்டார், மிச்சம் இரண்டில் இன்னொரு குரலோ தாளமோ. கலக்கும்போது எக்கோபிளெக்ஸ் என்ற டேப் எதிரொலிப் பெட்டி வழியாக அனுப்பி, தண்ணீரில் விழுந்து காய்ந்த ஒரு பானசோனிக் டேப் ரெக்கார்டரில் இறக்கினார். அந்தக் கேசட்டை உறைகூட இல்லாமல் ஜீன்ஸ் பாக்கெட்டில் போட்டுக்கொண்டு அலைந்தார். மாதிரிக்குத்தான் அது. அந்த வசந்தத்தில் நியூயார்க் பவர் ஸ்டேஷன் ஸ்டுடியோவில் முழு இசைக்குழுவோடும் வாசித்துப் பார்த்தார்கள். வாசிப்பில் குறையில்லை. ஆனால் கேசட்டில் இருந்த ஆள் அங்கே இல்லை. கடைசியில் அந்தக் கேசட்டையே இசைத்தட்டாக்க முடிவுசெய்தபோது, தட்டு வெட்டுவதே பெரும்பாடு. முதலில் வெட்டியவற்றில் ஊசி பள்ளத்தில் நிற்கவில்லை. ஒலியளவைக் குறைத்துத்தான் ஒருவழியாக முடித்தார்கள். அந்த செப்டம்பரில் வெளியானது. குழுவோடு வாசித்த வடிவம் 2025 அக்டோபரில் வெளிவந்துவிட்டது. இரண்டையும் அடுத்தடுத்துக் கேட்டால் நான் சொல்வது காதிலேயே விளங்கும்.

அதாவது, அந்த இரைச்சலைப் போக்க அதன் சொந்தக்காரரே நியூயார்க்கின் சிறந்த ஸ்டுடியோவில் முயன்று, வேண்டாம் என்று திரும்பி வந்தார். ‘ஸ்டேட் ட்ரூப்பர்’ பாட்டில் அவர் ஊளையிடும் இடத்தை நீங்கள் சுத்தம் செய்த கோப்பில் கேளுங்கள். ஊளைக்குப் பின்னால் எக்கோபிளெக்ஸின் எதிரொலி இருட்டுக்குள் தேய்ந்து போக வேண்டும். உங்கள் கோப்பில் கதவைச் சாத்தியதுபோல அறுந்திருக்கும். நீதானே ஐயா கதவைச் சாத்தினாய்! மேலும், அது கடையில் விற்கும் ஆல்பம். அதைக் குழுவில் போடவே கூடாது. அகோரா கச்சேரியும் 2014இலிருந்து முறைப்படி விற்பனைக்குக் கிடைக்கிறது. நண்பர்களை அதை வாங்கச் சொல்லுங்கள். உங்கள் கேசட்டின் மதிப்பு அதிலுள்ள வானொலிக் குரல், பக்கம் திருப்பிய வெட்டு, பேனா எழுத்து எல்லாம் சேர்ந்தது.

இப்போது திரும்ப ஏற்றுங்கள். முதலில் கேசட்டின் மேல்விளிம்பில் உள்ள இரண்டு பிளாஸ்டிக் காதுகளையும் உடைத்துவிடுங்கள். தவறிப்போய் ரெக்கார்ட் பித்தான் அழுந்தினாலும் அழியாது. டேப்பை அழுத்திப் பிடிக்கும் பஞ்சுத் துண்டு பசைவிட்டுக் கழன்றிருக்கிறதா பாருங்கள். கழன்றிருந்தால் ஓட்டாமல், டேப்பை வேறு கேசட் கூட்டுக்கு மாற்றுங்கள். ஹெட்டையும் ரப்பர் உருளையையும் ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தொட்ட பஞ்சுக்குச்சியால் துடைத்துக் காயவிடுங்கள். ஒருமுறை கடைசிவரை ஓட்டிப் பின்னால் சுற்றுங்கள். வருடக்கணக்கில் கிடந்த டேப் சீராகும். சாய்வை மேலே சொன்னபடி சரிசெய்யுங்கள், இரண்டு பக்கத்துக்கும் தனித்தனியாக. டெக்கில் இரைச்சலைக் குறைக்கும் ‘டால்பி’ அணைந்திருக்கட்டும். (டால்பி எதற்கென்று தெரியாமலே அந்தப் பித்தானை அழுத்திவைத்த தலைமுறை நம்முடையது. டால்பி இல்லாமல் பதிந்த டேப்பை அதைப் போட்டுக் கேட்டால் கம்பளிக்குள் பாடுவதுபோல இருக்கும். டால்பியோடு பதிந்ததா இல்லையா என்பதைப் பிறகு கணினியில் தீர்மானிக்கலாம்.) 24 பிட், 48 கிலோஹெர்ட்ஸ் போதும், உச்சம் −6 டெசிபலைத் தாண்ட வேண்டாம். ஒரு பக்கம் முழுவதையும் வெட்டாமல் ஒரே கோப்பாக எடுங்கள். ஒலியில் எதையும் இழக்காமல் சுருக்கும் ‘ஃபிளாக்’ கோப்பாகச் சேமியுங்கள், வாட்ஸப்பில் ஆடியோவாக இல்லாமல் ஆவணமாக அனுப்புங்கள். கூடவே ஒரு குறிப்பு: அரங்கம், தேதி (மாதத்தை எழுத்தில்), வானொலி, எந்தக் கேசட், எந்த டெக், எத்தனையாவது நகல் என்று தெரியாது, யார் ஏற்றியது, வேகம் திருத்தியதா இல்லையா. வீட்டில் நீங்கள் கேட்பதற்கு எப்படி வேண்டுமானாலும் சுத்தம் செய்துகொள்ளுங்கள். அந்தப் பிரதி உங்கள் வீட்டு வாசலைத் தாண்டக் கூடாது.

‘நெப்ராஸ்கா’வுக்குப் பிறகு எது என்று கேட்டிருந்தீர்கள். பின்னால் போங்கள், ‘டார்க்னெஸ் ஆன் தி எட்ஜ் ஆஃப் டவுன்’. உங்கள் கேசட் அதன் சுற்றுப்பயணம்தான்.

அப்புறம் முக்கியமான ஒன்று. அகோரா கச்சேரி ஏறக்குறைய மூன்று மணி நேரம். உங்களிடம் இருப்பது 90 நிமிட கேசட் ஒன்றே ஒன்று. இன்றைக்கே சித்தப்பாவுக்கு போன் போட்டு இரண்டாவது கேசட் எங்கே என்று கேளுங்கள்.