ஹானாக நடித்தவர்

வணக்கம் சார்,

‘என்டர் த டிராகன்’ மறுபடி பார்த்தேன். கண்ணாடி அறையில் புரூஸ் லீயோடு மோதும் ஹான் நிஜமாகவே குங்ஃபூ தெரிந்தவரா, இல்லை சும்மா ஒப்பேற்றினார்களா? அவரைப் பற்றி யாரும் எழுதிக் காணோம்.

கே.

அன்புள்ள கே.,

நன்றாகவே தெரிந்தவர். பெயர் ஷி கீன், ஹாங்காங்கில் பேசும் காண்டனீஸ் மொழி உச்சரிப்பில் செக் கின். 1913இல் பிறந்தவர். சின் வூ என்ற சீனத் தற்காப்புக் கலைச் சங்கத்தில் வருடக்கணக்கில் பயின்று, பயிற்றுநராகும் தகுதியே பெற்றிருந்தார். ஹானாக நடித்தபோது அவருக்கு அறுபது வயது. அந்தப் படத்தில் இரவல் என்றால் குரலைத்தான் சொல்ல வேண்டும். அவருக்கு ஆங்கிலம் சரளமில்லை என்பதால் கீ லூக் என்ற நடிகர் பேசினார்.

ஆனால் ஹானை மட்டும் வைத்து அவரை எடைபோடுவது எனக்கு வருத்தமாக இருக்கிறது. அவருடைய பெரிய வேலை அதற்கு முன்பே, ஹாங்காங்கின் கறுப்பு வெள்ளைப் படங்களில் நடந்துவிட்டது. 1949இல் வோங் ஃபெய்-ஹுங் என்ற குங்ஃபூ ஆசான், வைத்தியரைப் பற்றிய படவரிசை தொடங்கியது. நாயகன் க்வான் டாக்-ஹிங், வில்லன் இவர். 1956இல் மட்டும் இருபத்தைந்து படங்கள் வந்தன!

க்வான் காண்டனீஸ் இசைநாடக மேடையிலிருந்து வந்தவர். அவருடைய வோங் ஒரு நிதானமான வாத்தியார். முதலில் புத்தி சொல்வார், பொறுத்துப் போவார், வேறு வழியே இல்லாதபோதுதான் கை ஓங்குவார். அப்படிப்பட்ட நாயகனுக்கு எதிரில் சாதாரண அடியாள் நின்றால் அந்தப் பொறுமைக்கு என்ன மதிப்பு? ஷி கீன் நின்றால், இவன் ஜெயித்துவிடுவானோ என்ற பயம் வரும். புருவத்தை உயர்த்தி அவர் சிரிக்கும் சிரிப்பே போதும், அடுத்து ஏதோ விபரீதம் என்று தெரிந்துவிடும். க்வானின் வோங்கை அவ்வளவு பெரிய மனிதராக்கியதில் பாதிப் பங்கு இவருக்கு என்பேன். நாயகர்களைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதுகிறோம், இதை எழுதுவதில்லை.

ஹாங்காங் மக்கள் அவரைக் ‘கெட்டவன் கின்’ என்றே அழைத்தார்கள். 2009இல், 96 வயதில் காலமானார்.

பழைய படங்கள் உடனே கிடைக்காவிட்டால், ஜாக்கி சான் இயக்கிய ‘த யங் மாஸ்டர்’ (1980) பாருங்கள். அதில் அவர் வில்லன் இல்லை, காவல் தலைவர். மகனாக யுவென் பியாவ். வயதான பிறகும் சண்டையில் அவருடைய கைகள் எவ்வளவு சுத்தமாக வேலை செய்கின்றன என்று கவனியுங்கள். பார்த்துவிட்டு எழுதுங்கள்.