ஸ்டீவி ஸ்மித்தை எங்கிருந்து வாசிக்கத் தொடங்கலாம்?

கேள்வி: ஆங்கிலக் கவிஞர் ஸ்டீவி ஸ்மித்தின் கவிதைகள் சிறுபிள்ளைப் பாட்டு மாதிரி இருக்கின்றனவே, அவரைப் பெரிய கவிஞர் என்று ஏன் சொல்கிறார்கள்? எதை முதலில் படிப்பது? தமிழில் கொண்டுவர முடியுமா?

பதில்: ‘நாட் வேவிங் பட் டிரவுனிங்’ கவிதையில் தொடங்குங்கள். பன்னிரண்டே வரிதான். 1953இல் எழுதி, 1957இல் அதே தலைப்பில் வந்த தொகுப்பில் சேர்த்தது. வாய்விட்டுப் படிக்க வேண்டும்.

தண்ணீரில் மூழ்கிச் செத்த ஒருவன் கிடந்து முனகுகிறான். தான் கையாட்டியது விளையாட்டுக்கு அல்ல, மூழ்கிக்கொண்டிருந்ததால்தான் என்கிறான். கதைசொல்லி, செத்தவன், சுற்றி நிற்பவர்கள் என மூன்று குரல்கள். மேற்கோள் குறி ஒன்றுகூட இல்லை. யார் பேசுவது என்பதைக் காதுதான் பிரிக்க வேண்டும். மூன்றையும் ஒரே ராகத்தில் ஓட்டிவிட்டால் பிள்ளைப் பாட்டாகத்தான் தெரியும்.

கவிதையின் இரண்டாம் பத்தியில் மூன்றாவது வரியைப் பாருங்கள். ரொம்பக் குளிர்ந்திருக்கும் என்பதும் இதயம் தாங்கவில்லை என்பதும் இடையில் ஒரு கால்புள்ளிகூட இல்லாமல் ஒரே மூச்சில் ஓடுகின்றன. அடுத்த வரியில் இரண்டே சொல்: என்றார்கள் அவர்கள். துக்க வீட்டு வாசலில் நின்று காரணம் கண்டுபிடித்துவிட்டுக் கலைகிறவர்களின் அவசரம் அது. இந்த நீள அளவைத் தற்செயலாக யாரும் போட்டுவிட முடியாது. ஸ்மித்தின் எளிமை அளந்து வெட்டிய எளிமை.

தமிழாக்கத்தில் சறுக்கும் இடமும் இங்கேதான். இரண்டாம் பத்தியில் குளிர் தண்ணீரின் குளிர். மூன்றாம் பத்தியில் வாழ்நாள் முழுக்க இருந்த குளிர். முதலாவதை ‘ஜில்லென்று’ என்றும் அடுத்ததை ‘தனிமை’ என்றும் பெயர்த்தால் கவிதை அங்கேயே முறிந்துவிடும். இரண்டு இடத்திலும் குளிர் என்றே வையுங்கள். கரையிலிருந்து தொலைவில் போனதற்கு ‘தள்ளி’ நல்ல சொல். மனிதர்களிடமிருந்து தள்ளி இருப்பதையும் அதுவே தாங்கும். செத்தவன் பேசுவது ஒருவரிடமா பலரிடமா என்று ஆங்கிலம் சொல்லாது. தமிழில் ‘நீங்கள்’ போட்டால் இரண்டுக்கும் இடமிருக்கும்.

வாழ்க்கை விவரம் கொஞ்சம் போதும். 1902இல் இங்கிலாந்தின் ஹல் நகரில் பிறந்தார். மூன்று வயதில் வடக்கு லண்டனின் பாமர்ஸ் கிரீனுக்கு வந்தவர், 1971இல் இறக்கும்வரை அங்கே ஒரே வீட்டில்தான் இருந்தார். அப்பா கப்பல் வேலைக்குப் போய்விட்டார். வளர்த்தவர் மேட்ஜ். இவரை ‘அத்தை’ என்று எழுதாதீர்கள், அம்மாவுடன் பிறந்தவர். பத்திரிகை நிறுவனம் ஒன்றில் 1953 வரை செயலர் வேலை. 1936இல் வந்த முதல் நாவலை அலுவலக மஞ்சள் தாளில் தட்டச்சு செய்ததால், அந்தத் தாளே தலைப்பில் இடம்பிடித்தது: ‘நாவல் ஆன் யெல்லோ பேப்பர்’. கவிதைக்கான பிரிட்டிஷ் ராணியின் தங்கப் பதக்கம் 1969இல் கிடைத்தது.

கவிதைகளோடு அவரே வரைந்த படங்களை விட்டுவிடாதீர்கள். மூழ்கியவன் ஆண் என்கிறது கவிதை. பக்கத்தில் அவர் வரைந்து வைத்திருப்பதோ இடுப்பளவு நீரில், ஈரக் கூந்தல் தொங்க நிற்கும் ஒரு பெண்ணை. கவிதையை இந்தப் படம் விளக்கவில்லை, அதோடு வாதாடுகிறது. இணையத்தில் வரிகளை மட்டும் வெட்டி ஒட்டும்போது இந்தப் பாதி காணாமல் போகிறது.

அடுத்து, போர்லாக் என்ற ஊரிலிருந்து வந்த ஆளைப் பற்றிய கவிதை. அந்த ஆள் குறுக்கிட்டதால்தான் தன் ‘குப்ளா கான்’ கவிதை பாதியில் நின்றது என்று ஆங்கிலக் கவிஞர் கோல்ரிட்ஜ் சொன்னார். ஸ்மித் அதை நம்பவில்லை. கோல்ரிட்ஜ் ஏற்கெனவே மேலே எழுத முடியாமல் சிக்கிக்கொண்டிருந்தார் என்கிறார். கொஞ்சம் கிண்டலாகப் போய்க்கொண்டிருக்கும்போதே, என் எண்ணங்களை நிறுத்த அந்த ஆள் என்னிடமும் வரமாட்டாரா என்று ஏங்கத் தொடங்குகிறார். அந்தத் திருப்பம் எந்த வரியில் நடக்கிறது என்று விரல் வைத்துத் தேடுங்கள்.

பிறகு ‘கம் டெத்’ (மரணமே வா). இந்தத் தலைப்பில் இரண்டு கவிதைகள் உண்டு. கடைசி நோயில் எழுதியதுதான் நீங்கள் தேட வேண்டியது. புத்தகம் வாங்குவதானால் வில் மே பதிப்பித்து ஃபேபர் 2015இல் வெளியிட்ட முழுத்தொகுப்பு. கவிதைகளோடு படங்களும் அதில் இருக்கின்றன.