அப்பீல் போட்டா மட்டும் அமீனா வர்றது நிக்காது

கொருக்குப்பேட்டையிலேருந்து ஒரு தம்பி கேட்டிருக்காரு. தாத்தா 1970-கள்ல தரை வாடகைக்கு எடுத்த அரை கிரவுண்டு மனை, மேல வீட்டை கட்டிக்கிட்டது இவங்கதான். இப்ப மனைக்காரரோட பையன் கேஸ் போட்டு, ரெண்டு மாசத்துல இடத்தை ஒப்படைக்கணும்னு டிகிரி, அதாவது கோர்ட் தீர்ப்பாணை, வாங்கிட்டாரு. அப்பீல் போட்டுட்டா யாரும் எங்களை காலி பண்ண வைக்க முடியாதுதானேங்கிறாரு.

முடியும் தம்பி. அப்பீல் ஃபைல் ஆகி நம்பர் விழுந்ததாலயே டிகிரி நின்னுடாது, சிவில் நடைமுறைச் சட்டம் ஆர்டர் 41 ரூல் 5 அதைத்தான் சொல்லுது, ஸ்டே (டிகிரியை நிறுத்தி வைக்கிற உத்தரவு) பெட்டிஷன் தனியா போட்டு ஆர்டர் வாங்கணும், இல்லன்னா மனைக்காரர் தரப்பு பாட்டுக்கு ஈ.பி. (டிகிரியை நிறைவேத்தித் தரச் சொல்ற மனு) போட்டு, கோர்ட் ஊழியரான அமீனாவோட வந்து நிப்பாங்க. ஸ்டே கொடுத்தாலும் மாசாமாசம் இவ்வளவு கட்டுன்னு கண்டிஷன் வரலாம், கட்டாம விட்டீங்கன்னா ஸ்டே போயிடும். அதே நேரம் ஆளை அனுப்பி பூட்டு போடுறேன்னு மிரட்டுறதுக்கு அவங்களுக்கும் ரைட்ஸ் இல்ல, டிகிரி கையில இருந்தாலும் கோர்ட் வழியாத்தான் வரணும்.

தீர்ப்பு சொன்னது சிட்டி சிவில் கோர்ட் அசிஸ்டென்ட் ஜட்ஜ்னு எழுதியிருக்கீங்க, அப்ப அப்பீல் அங்கயே மேல உள்ள ஜட்ஜ்கிட்ட, டைம் 30 நாள்தான். யாராவது 90 நாள்னு சொன்னா, அது ஹைகோர்ட் அப்பீலுக்கு. தீர்ப்போட காப்பிக்கு அப்ளிகேஷன் போட்டு அது கிடைக்குற வரைக்கும் ஆகுற நாளை கழிச்சுக்கலாம், அதனால அதை இன்னிக்கே போடுங்க.

இப்ப உங்களுக்கு பிடிக்காத விஷயம். கீழ் கோர்ட்ல 12 வருஷத்துக்கு மேல அனுபவிக்கிறோம் இடம் எங்களுதுன்னு வாதாடியிருக்கீங்க. வாடகை ரசீதை கையில வச்சுக்கிட்டு அந்த வாதம் எடுபடாது, குடியிருக்க வந்தவர் ஓனர் ஆக முடியாது, அப்பீல்லயும் அதையே பிடிச்சு தொங்காதீங்க. தரை வாடகைக்காரங்களுக்குன்னே 1921-ம் வருஷத்து சென்னை நகர குத்தகைதாரர் பாதுகாப்புச் சட்டம் இருக்கு, வடசென்னைல பாதி தெரு அதுலதான் நின்னுச்சு. மனையையே விலைக்கு கேக்குற 9-வது பிரிவு பெட்டிஷனை சம்மன் வந்த ஒரு மாசத்துக்குள்ள போட்டிருக்கணும், போடலன்னா கஷ்டம்தான், ஆனா கட்டுன வீட்டுக்கு நஷ்டஈடு 3-வது பிரிவுல கேக்கலாம். கோயில் இடம்னா இந்த சட்டமே பொருந்தாது, உங்களுது தனியார் மனை, தப்பிச்சீங்க.

பழைய ரசீது, சொத்து வரி கட்டினது, கரண்ட் பில், ஜட்ஜ்மென்ட் காப்பி எல்லாத்தையும் எடுத்துக்கிட்டு இந்த வாரமே வக்கீலைப் பாருங்க, போனவுடனே 9-வது பிரிவு பெட்டிஷன் போட்டமான்னு முதல்ல அதை கேளுங்க.