கேளுங்கள் சொல்கிறோம்: என்எஃப்எஸ் 4.3 எப்போ சார் வரும்?

நெட்வொர்க்கில் உள்ள இன்னொரு கம்ப்யூட்டரின் ஃபோல்டரை நம்முடையது போலவே திறந்து வேலை பார்க்க உதவுவது என்எஃப்எஸ். அதைப் பற்றி வடசென்னையிலிருந்து வந்த கேள்விகளை மொத்தமாக இந்த முறை எடுத்துக்கொண்டேன்.

கடைக்குப் புது ஸ்டோரேஜ் பாக்ஸ் வாங்கணும். 4.2 வந்து எத்தனையோ வருஷம் ஆச்சே, 4.3 வந்ததும் வாங்கிக்கலாமா?
– ஆஃப்செட் பிரஸ் நடத்தும் வாசகர், பழைய வண்ணாரப்பேட்டை

காத்திருக்காதீர்கள். 1984-ல் சன் மைக்ரோசிஸ்டம்ஸ் கொண்டுவந்த சரக்கு இது. மூன்றாம் பதிப்பின் ஆவணம் 1995-ல் வந்தது, நான்காவது 2000-ல், 4.1 வந்தது 2010-ல், 4.2 வந்தது 2016-ல். அதற்கப்புறம் எண் ஏறவே இல்லை. தூங்கிவிட்டார்கள் என்று நினைக்க வேண்டாம், வேலை செய்யும் முறையையே மாற்றிவிட்டார்கள். முன்பெல்லாம் ஒரு பதிப்பு என்றால் பத்து வசதிகளைச் சேர்த்துக் கட்டி, எல்லாம் தயாரான பிறகுதான் வெளியே விடுவார்கள். ஒருத்தர் பவுடர் பூசி முடிக்கும்வரை மொத்தக் குடும்பமும் வேன் பக்கத்தில் நிற்கிற கதைதான். 2017-ல் வந்த ஆர்எஃப்சி 8178 என்ற தரநிலை ஆவணம் அந்தக் கட்டை அவிழ்த்துவிட்டது. புது வசதி வேண்டுமென்றால் 4.2 மேலேயே தனியாக ஒட்டிக்கொள்ளலாம், அது தெரியாத சர்வர் (ஃபோல்டரை வைத்திருக்கும் பெட்டி) ‘எனக்கு ஆதரவில்லை’ என்று பதில் அனுப்பும், கிளையன்ட் (அதைத் திறக்கும் நம் கம்ப்யூட்டர்) பழைய வழியில் போய்க்கொள்ளும். ஃபைலோடு கூடுதல் குறிப்புகளைச் சேர்த்து வைக்கும் வசதி அதே வருஷம் டிசம்பரில் இப்படித்தான் உள்ளே வந்தது.

இதில் உங்களுக்கு ஒரு சங்கடம் உண்டு. பெட்டி மேல் ‘4.2’ என்று போட்டிருப்பதை வைத்து எதுவும் முடிவு செய்ய முடியாது, ஏனென்றால் 4.2 புதிதாகக் கொண்டுவந்த வசதிகள் எல்லாமே ‘விருப்பமிருந்தால் செய்’ வகை. அதனால் வாங்கப் போகும்போது எண்ணைக் கேட்காமல், சர்வருக்குள்ளேயே காப்பி செய்யுமா, டிஎல்எஸ் (லைனில் போவதைப் பிறர் படிக்க முடியாமல் மறைக்கும் முறை) உண்டா என்று ஒவ்வொன்றாகக் கேளுங்கள். கடைக்காரர் திருதிருவென்று முழித்தால் அதுவும் ஒரு பதில்தான்.

ஒரே ஃபோல்டரில் ‘கோபால் கல்யாணம்’ என்று ஒரே பெயரில் இரண்டு ஃபைல். ஒன்றை மேக்கில் செய்தோம், இன்னொன்றை லினக்ஸில். பேய் வேலையா?
– பத்திரிகை டிசைன் செய்யும் வாசகி, மின்ட்

பேய் இல்லை, யூனிகோட், அதாவது ஒவ்வொரு எழுத்துக்கும் எண் தரும் முறை. ‘கோ’வின் உயிர்க்குறியை இரண்டு விதமாகச் சேமிக்கலாம். ஓகாரக் குறி முழுவதற்கும் ஒரே எண்ணைப் போடலாம், அல்லது முன்னால் வரும் ஏகாரக் குறி, பின்னால் வரும் கால் என இரண்டு எண்ணாகப் பிரித்துப் போடலாம். திரையில் இரண்டும் அச்சு அசல் ஒன்றுதான். ஆனால் பைட் கணக்கில் பார்க்கிற சர்வருக்கு அவை வேறு வேறு பெயர்கள். ‘கொ’, ‘கௌ’ வரும் பெயர்களுக்கும் இதே கதி.

2003-ல் நான்காம் பதிப்பின் ஆவணத்தைத் திருத்தியபோது, பெயர்களை இப்படித்தான் சீர்படுத்த வேண்டும் என்று கறாராக விதி எழுதினார்கள். சர்வர் எழுதியவர்களோ அதைக் கண்டுகொள்ளவில்லை, பெயர் எப்படி வந்ததோ அப்படியே டிஸ்க்கில் எழுதிக்கொண்டிருந்தார்கள். கடைசியில் 2015-ல் ஆவணத்தைத்தான் நடைமுறைக்கு ஏற்ப மாற்றி எழுத வேண்டியிருந்தது. என்எஃப்எஸ்ஸின் எதிர்காலம் பற்றி யார் என்ன திட்டம் போட்டாலும் நான் முதலில் பார்ப்பது, இதற்குப் புரோகிராம் எழுத ஆள் இருக்கிறதா என்பதைத்தான். இப்போது 4.1-ன் 600 பக்கம் தாண்டிய ஆவணத்தைத் திருத்தும் வேலை நடக்கிறது. அதிலிருந்து பாதுகாப்பையும், பன்மொழிப் பெயர் விவகாரத்தையும் தனித்தனி ஆவணமாகப் பிரித்து எழுதுகிறார்கள். அதைப் படிக்கிறவர்களில் தமிழில் ஃபைலுக்குப் பெயர் வைக்கிற ஒருவராவது இருந்தால் நன்றாக இருக்கும்.

உங்களுக்கு உடனடி வழி: மேக்கில் மவுன்ட் செய்யும்போது, அதாவது சர்வர் ஃபோல்டரை இணைக்கும்போது, ‘என்எஃப்சி’ என்ற ஆப்ஷனைச் சேருங்கள். இனிமேல் சர்வருக்குப் போகும் பெயர்கள் சேர்ந்த வடிவில் போகும். பழைய ஃபைல்களை நீங்கள்தான் உட்கார்ந்து பெயர் மாற்ற வேண்டும்.

இதையெல்லாம் முடிவு செய்வது யார்? நான் போய்ப் பேச முடியுமா?
– கல்லூரி மாணவி, வியாசர்பாடி

தாராளமாக. சன் நிறுவனம் 1998-ல் நான்காம் பதிப்பை வளர்க்கும் பொறுப்பை, இணையத் தரநிலைகளை வகுக்கும் ஐஇடிஎஃப் அமைப்பிடம் கொடுத்தது. அங்கே உறுப்பினர் கட்டணம் கிடையாது, ஓட்டுப் பெட்டி கிடையாது, மின்னஞ்சல் குழுவில் சேர்ந்தால் பேசலாம். வரைவு ஒன்றை யார் வேண்டுமானாலும் போடலாம். ஆறு மாதத்தில் புதுப்பிக்காவிட்டால் அது காலாவதி. எடுத்தவுடன் புது வசதி கேட்டு எழுதாதீர்கள். ஏற்கெனவே இருக்கும் வரைவு ஒன்றைப் படித்து, இந்த இடத்தில் சர்வர் என்ன செய்ய வேண்டும் என்பது தெளிவாக இல்லை என்று ஒரே ஒரு கேள்வி கேளுங்கள், முடிந்தால் லினக்ஸில் சோதித்துப் பார்த்துவிட்டு. அதற்கு மரியாதை அதிகம்.

கரண்ட் போய் வந்து சர்வர் எழுந்த பிறகும் ஒன்றரை நிமிஷம் எல்லா சிஸ்டமும் உறைந்து நிற்கிறது. பாக்ஸ் பழுதா?
– கணக்கு அலுவலக ஊழியர், திருவொற்றியூர்

பழுது இல்லை. சர்வர் மறுபடி எழுந்ததும், பழைய பூட்டுகளை (ஒருவர் திருத்தும் ஃபைலில் இன்னொருவர் கைவைக்காமல் தடுப்பவை) வைத்திருந்தவர்கள் வந்து அவற்றைத் திரும்பக் கேட்கட்டும் என்று கொஞ்ச நேரம் புதிதாக யாருக்கும் பூட்டுத் தராது. லினக்ஸில் அது வழக்கமாக 90 விநாடி. ‘எனக்கு வேண்டியதெல்லாம் வாங்கிவிட்டேன்’ என்று கிளையன்ட் சொல்லும் வசதி 4.1-ல் இருக்கிறது. எல்லோரும் சொல்லிவிட்டால் சர்வர் சீக்கிரமே கதவைத் திறக்கலாம். ஆகவே 4.0-வில் இருந்தால் மாறுங்கள், யுபிஎஸ் பேட்டரியையும் பாருங்கள்.

கல்யாண வீடியோ, 40 ஜிபி. சர்வரில் ஒரு ஃபோல்டரிலிருந்து பக்கத்து ஃபோல்டருக்குக் காப்பி செய்தாலும் என் சிஸ்டம் வழியாகவே போய் வருகிறதே?
– ஸ்டூடியோ வாசகர், ராயபுரம்

அப்படித்தான் போகும், நீங்கள் மூன்றாம் பதிப்பில் மவுன்ட் செய்திருந்தால். ஜிகாபிட் லைனில் 40 ஜிபி என்றால் ஐந்து நிமிஷத்துக்குக் குறையாது. 4.2-ல் ‘நீயே உனக்குள் காப்பி செய்துகொள்’ என்று சர்வரிடம் சொல்லிவிடலாம், லைனில் அந்தக் கட்டளை மட்டும்தான் போகும். முதலில் மவுன்ட் விவரத்தில் 4.2 என்று வருகிறதா பாருங்கள். சில பாக்ஸ்களில் 4-ஆம் பதிப்புக்கான டிக் தனியாக இருக்கும், அது போடாமலே கிடக்கும். கூடவே, லினக்ஸில் காப்பி செய்யும் சிபி கட்டளை கோர்யூட்டில்ஸ் என்ற தொகுப்பின் 9.0 பதிப்பு அல்லது அதற்குப் பிந்தையதாக இருக்கட்டும். மவுஸால் இழுத்துப் போட்டால் உங்கள் ஃபைல் மேனேஜரைப் பொறுத்தது. சந்தேகமென்றால் டெர்மினலில் ஒரு முறை போட்டு நேரத்தைப் பாருங்கள்.

கடை வைஃபையில் சேரும் எவரும் எங்கள் ஃபைலைப் பார்க்கலாமா?
– வாசகர், காசிமேடு

சாதாரண அமைப்பில், ஆம். ‘நான்தான் இன்ன பயனர்’ என்று கிளையன்ட் சொல்வதை சர்வர் அப்படியே நம்பிவிடும், கம்பியிலும் எல்லாம் வெளிப்படையாகப் போகும். கெர்பரோஸ் என்ற அடையாளச் சோதனை முறையைப் போடலாம், ஆனால் சின்னக் கடைக்கு அது பெரிய தலைவலி. டிஎல்எஸ் வழி 2022-ல் தரநிலையாகி, லினக்ஸ் கெர்னலில் சர்வருக்கு 6.4 பதிப்பிலும் கிளையன்ட்டுக்கு 6.5 பதிப்பிலும் வந்துவிட்டது. அதைப் போடும்வரை வாடிக்கையாளர் வைஃபையைத் தனி நெட்வொர்க்காகப் பிரித்துவிடுங்கள், இன்றைக்கே.